சிகிச்சையை நிறுத்தும் முடிவு யாருடையது? கருணைக்கொலை, உயிர்முறி, தலைக்கூத்தல் குறித்த விவாத இழை

வைகைக்கரையான் (இழையைத் தொடங்கியவர்)

கருணைக்கொலை பற்றிய பேச்சு இங்கே எழும்போதெல்லாம் அது 'கொலையா, கருணையா' என்ற ஒற்றைக் கேள்வியில் சிக்கி, இரண்டு தரப்பும் சலித்து விலகுவதோடு முடிந்துபோகிறது. ஆகவே இந்த இழையைக் குறுகலான ஒரு கேள்வியோடு தொடங்க விரும்புகிறேன். குணமாகும் வாய்ப்பில்லாத நோயின் கடைசிக் கட்டத்தில், தன் விருப்பத்தைச் சொல்ல இயலாத நிலையில் கிடக்கும் ஒருவருக்குச் சிகிச்சையை நிறுத்தும் முடிவை யார் எடுக்கலாம்? அந்த உரிமை அவருக்கு எங்கிருந்து வருகிறது?

அருணா ஷான்பாக்கை எல்லோரும் அறிவோம். மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் செவிலியராகப் பணிபுரிந்த அவரை 1973 நவம்பரில் அதே மருத்துவமனையின் துப்புரவுப் பணியாளர் ஒருவர் நாய்ச் சங்கிலியால் கழுத்தை நெரித்துத் தாக்கினார். மூளைக்குப் பிராணவாயு செல்லாமல் போனதால் நினைவு திரும்பாத நிலைக்குச் சென்ற அருணா, 2015 மே 18 அன்று நிமோனியாவால் இறக்கும்வரை, ஏறத்தாழ 42 ஆண்டுகள் அதே மருத்துவமனையின் படுக்கையில் இருந்தார். அவரைச் சாக விட வேண்டும் என்று பத்திரிகையாளர் பிங்கி விரானி உச்ச நீதிமன்றம் சென்றபோது, அவரை அன்றாடம் குளிப்பாட்டி உணவூட்டி வந்த செவிலியர்கள் ஒரே குரலாக எதிர்த்தார்கள். 2011 மார்ச் 7 தீர்ப்பு செவிலியர்களின் பக்கம் நின்றது. அருணாவுக்காகப் பேசும் உரிமை, அவரைப் பற்றி எழுதியவரைவிட அவரைப் பேணியவர்களுக்கே உண்டு என்று நீதிபதிகள் கருதினார்கள். அதே தீர்ப்புதான், உயர் நீதிமன்றத்தின் அனுமதியோடு சிகிச்சையை நிறுத்தலாம் என்ற வழியையும் இந்தியாவில் முதன்முதலாகத் திறந்தது.

தீர்ப்பு அறிவார்ந்ததுதான். ஆனால் நம் ஊர்களில் இந்த முடிவு நீதிமன்றத்திலோ மருத்துவர் குழுவிலோ எடுக்கப்படுவதில்லை. நகை அடகுக்குப் போய், காப்பீட்டுத் தொகையும் தீர்ந்த நாளில், மருத்துவமனையின் பில் கட்டும் இடத்தில்தான் எடுக்கப்படுகிறது. 'எங்கள் சொந்தப் பொறுப்பில் அழைத்துச் செல்கிறோம்' என்று ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு, கையால் அமுக்கும் காற்றுப்பையோடு நோயாளியை ஆம்புலன்சில் ஏற்றி, வீட்டுத் திண்ணையில் இறக்கியதும் பையை எடுத்துவிடுகிறார்கள். இதைக் கருணைக்கொலை என்று யாரும் சொல்வதில்லை. 'வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டோம்' என்று மட்டும் சொல்கிறார்கள். சட்டம் பேசும் உரிமைக்கும் இந்தத் திண்ணைக்கும் இடையே உள்ள தூரத்தைப் பற்றி நண்பர்கள் எழுத வேண்டுகிறேன்.

சட்டமாணி

சட்டத்தின் நிலையைத் தெளிவாக வைத்துவிட்டால் விவாதம் வழிதவறாது என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். 1994இல் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு, வாழும் உரிமைக்குள் சாகும் உரிமையும் அடங்கும் என்று கூறி, தற்கொலை முயற்சியை அன்று தண்டித்துவந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவைச் செல்லாததாக்கியது. இரண்டே ஆண்டுகளில், 1996இல், கியான் கவுர் வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு அதைத் தள்ளுபடி செய்தது. எனினும், இயற்கையான சாவு தொடங்கிவிட்ட ஒருவர் அதைக் கண்ணியத்தோடு சந்திப்பது வேறு, வாழ்வை இடையில் முறிப்பது வேறு என்ற ஒரு வேறுபாட்டை அந்தத் தீர்ப்பு விட்டுவைத்தது. பிறகு வந்தவை எல்லாம் அந்த ஒற்றை வேறுபாட்டின் மேல் எழுப்பப்பட்டவையே.

2005இல் 'காமன் காஸ்' என்ற அமைப்பு தொடுத்த வழக்கில் 2018 மார்ச் 9 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. கண்ணியத்தோடு இறப்பது அரசமைப்பின் 21ஆம் உறுப்புக்குள் அடங்கும் என்றும், நினைவு தெளிவாக உள்ள எவரும் தமக்கு எந்தச் சிகிச்சை வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்கலாம் என்றும் அது கூறியது. ஆங்கிலத்தில் 'லிவிங் வில்' எனப்படும் இந்த எழுத்தைத்தான் இங்கே உயிர்முறி என்கிறோம். ஆனால் அன்று வகுக்கப்பட்ட நடைமுறை, முதல் வகுப்பு நீதித்துறை நடுவரின் மேலொப்பத்தில் தொடங்கி, 20 ஆண்டு அனுபவம் உள்ள வல்லுநர்கள் வரை நீண்டதால், அதை நிறைவேற்றுவதற்குள் நோயாளியின் காலமே முடிந்துவிடும் நிலை இருந்தது. 2023 ஜனவரி 24 அன்று இன்னோர் அமர்வு அதைத் தளர்த்தியது. இப்போது நோட்டரி எனப்படும் சான்றுறுதி அலுவலரின் அல்லது அரசிதழ்ப் பதிவு பெற்ற அலுவலரின் மேலொப்பம் போதும். வல்லுநர்களுக்கு ஐந்து ஆண்டு அனுபவம் போதும். சிகிச்சையை நிறுத்தலாமா என்று ஆராய மருத்துவமனை அமைக்கும் இரண்டு மருத்துவர் குழுக்களும் இயன்றவரை 48 மணி நேரத்துக்குள் கருத்துரைக்க வேண்டும். நடுவரின் அனுமதி தேவையில்லை, அவருக்குத் தகவல் தெரிவித்தாலே போதும்.

ஊசி போட்டோ மருந்து கொடுத்தோ உயிரைப் போக்குவது இன்றும் குற்றமே. நோயாளியே கெஞ்சிக் கேட்டாலும், மருத்துவர் கொலைக்குச் சற்றுக் குறைந்த குற்றத்துக்கு ஆளாவாரே தவிர விடுபட மாட்டார். நாடாளுமன்றம் இதுவரை இதற்கெனத் தனிச் சட்டம் எதையும் இயற்றவில்லை. சட்ட ஆணையம் 2006இலும் 2012இலும் அறிக்கை கொடுத்தும், நாம் இன்னும் நீதிமன்றம் எழுதித் தந்த வழிகாட்டலின்மேல்தான் நின்றுகொண்டிருக்கிறோம்.

வைகைக்கரையான் ஐயா சொன்ன திண்ணைச் சாவு சட்டத்தின் இருட்டுப் பகுதியில் இருக்கிறது. சிகிச்சையை மறுக்கும் உரிமை நோயாளிக்கு உண்டு. நினைவில்லாத நோயாளிக்காக உறவினர் மறுத்தால், உயிர்முறி இல்லாத நிலையிலும், அதே இரண்டு குழுக்களின் இசைவு வேண்டும். கையெழுத்துப் போட்டு அழைத்துச் செல்லும்போது எந்தக் குழுவும் கூடுவதில்லை. மருத்துவமனையும் கேட்பதில்லை, குடும்பமும் கேட்பதில்லை.

கரிசல்மகள்

விருதுநகர் மாவட்டத்தில் பிறந்து வளர்ந்தவள் என்ற முறையில், இந்த இழையில் பேசியே ஆக வேண்டிய ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் தலைக்கூத்தல் என்று ஒரு வழக்கம் உண்டு என்பதை இங்குள்ள பலரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். படுக்கையில் விழுந்து நாளான முதியவருக்கு விடியலில் உச்சி குளிர எண்ணெய் தேய்த்துத் தலைக்கு ஊற்றி, இளநீர் கொடுப்பார்கள். ஓரிரு நாளில் காய்ச்சல் கண்டு உயிர் பிரியும். இயற்கைச் சாவு என்றே எழுதப்படும். 2010இல், தனக்கு நாள் குறித்துவிட்டார்கள் என்று அறிந்த ஒரு முதியவர் வீட்டை விட்டுத் தப்பிய செய்தி வெளியானபோதுதான் நாளிதழ்களும் மாவட்ட நிர்வாகமும் இதைக் கவனித்தன. ஊருக்குள் அது எப்போதும் தெரிந்த சேதிதான்.

இதைச் செய்தவர்கள் எல்லோரையும் அரக்கர்களாக எழுதுவது எளிது. வானம் பார்த்த பூமியில், கூலி வேலைக்குப் போனால்தான் அடுப்பெரியும் வீட்டில், மலசலம் எடுத்துப் புரட்டிப் படுக்க வைக்க ஓர் ஆள் முழுநாளும் உடனிருக்க வேண்டும் என்பது எவ்வளவு பெரிய சுமை என்பதை நான் அறிவேன். அந்தச் சுமை பெரும்பாலும் மருமகள் தலையில் விழுகிறது என்பதையும், முடிவெடுக்கும் கூட்டத்தில் அவளுக்கு இடமில்லை என்பதையும் அறிவேன். 'இழுத்துக்கொண்டு கிடக்கிறாரே, நல்லபடியாகப் போய்ச் சேரட்டும்' என்ற சொற்களில் உண்மையான இரக்கமும் கலந்திருக்கிறது.

ஆனால் என் கேள்வி வேறு. உச்ச நீதிமன்றம் கண்ணியமான சாவு என்று சொல்வதற்கும் எங்கள் ஊர் நல்ல சாவு என்று சொல்வதற்கும் இடையே கோடு எங்கே விழுகிறது? இரண்டிலும் நோய் தீராதது, இரண்டிலும் உறவினர் கூடிப் பேசுகிறார்கள், இரண்டிலும் இரக்கம் காரணமாகக் காட்டப்படுகிறது. கருவியை நிறுத்துவது செயலின்மை, எண்ணெய் தேய்ப்பது செயல் என்று வேறுபடுத்திக் காட்டலாம். எனக்கு அந்த வேறுபாடு போதவில்லை. படுத்திருப்பவரின் பேச்சு அந்தக் கூட்டத்தில் கேட்கப்பட்டதா என்பதைத்தான் நான் பார்க்கிறேன். தலைக்கூத்தலில் அது கேட்கப்படுவதில்லை. சில கிழவிகள் தாமே 'என்னை அனுப்பி வைத்துவிடுங்கள்' என்று சொன்னதாகக் கூறுவார்கள். சோறு போடும் முகங்கள் எல்லாம் சுளித்துக்கொண்ட பிறகு வரும் அந்தச் சம்மதத்துக்கு எவ்வளவு மதிப்புத் தருவது?

செஞ்சிக்கோட்டை

தாமே விரும்பி உண்ணாதிருந்து உயிர் விடுவது தமிழர்க்குப் புதிதல்ல என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்தான், அவனைக் காணாமலே நட்புப் பூண்ட பிசிராந்தையாரும் வந்து உடன் அமர்ந்தார். செஞ்சிக்கு அருகே திருநாதர்குன்றில், 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்துறந்த சந்திரநந்தி ஆசிரிகர் என்ற சமணத் துறவியின் கல்வெட்டு இன்றும் இருக்கிறது. உண்ணாநோன்பிருந்து உயிர்துறக்கும் சமணரின் சல்லேகனையைத் தற்கொலை என்று கூறி ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் 2015 ஆகஸ்டில் தடை செய்தது, அதே மாதத்தில் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நிறுத்தி வைத்தது. நம் மரபு சாவைத் தேர்வதை எப்போதும் பழித்ததில்லை என்பதே நான் சொல்ல வருவது.

கரிசல்மகள்

செஞ்சிக்கோட்டை நண்பரே, வடக்கிருந்தவன் அரசன், நோன்பிருந்தவர் துறவி. இருவரும் தாமே முடிவெடுத்து, ஊரறிய உட்கார்ந்தார்கள். எழுந்துகொள்ள நினைத்திருந்தால் எழுந்திருக்கவும் முடியும். விடியலில் கதவைச் சாத்திக்கொண்டு எண்ணெய் தேய்க்கப்படும் கிழவிக்கு அந்த மரபில் பங்கு எதுவும் இல்லை.

இரவுப்பணி

தீவிர சிகிச்சைப் பிரிவில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். இங்கே எழுதப்பட்டவற்றில் ஒரு முதன்மையான செய்தி விடுபட்டிருக்கிறது. உயிர்முறி எழுதலாம் என்கிறீர்கள், படுத்திருப்பவரின் பேச்சைக் கேட்க வேண்டும் என்கிறீர்கள். தமக்கு என்ன நோய் என்பதையே அறியாதவர் எதை எழுதுவார், எதைச் சொல்வார்?

புற்றுநோய் உறுதியானவுடன், முடிவு அறிக்கையைக் கையில் வாங்கும் மகன் எங்களிடம் முதலில் கேட்பது சிகிச்சையைப் பற்றி அல்ல. 'அப்பாவிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள், மனம் உடைந்துவிடுவார்' என்பதுதான் அவர் முதல் வேண்டுகோள். வயிற்றில் புண், நுரையீரலில் சளி என்று ஏதோ ஒரு பொய்யை மருத்துவர், செவிலியர், உறவினர் எல்லோரும் சேர்ந்து காப்பாற்றுகிறோம். நோயாளி பெரும்பாலும் ஊகித்துவிடுகிறார். பிள்ளைகள் வருந்தக் கூடாதே என்று அவரும் தெரியாதவர் போல் நடிக்கிறார். இரண்டு பக்கமும் அன்பு இருக்கிறது, ஆனால் அந்த நடிப்பு ஓடும் மாதங்களில்தான் அவர் தம் சாவைப் பற்றித் தெளிவாகப் பேசியிருக்க முடியும். பிறகு ஒருநாள் மூச்சு முட்டி அழைத்து வருகிறார்கள், குழாய் செருகுகிறோம், அதன்பின் அவர் பேசுவதே இல்லை. அப்போது நான்கு பிள்ளைகளும் நான்கு கருத்தோடு கண்ணாடிக் கதவுக்கு வெளியே நிற்கிறார்கள். துபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ வர வேண்டிய மகன் வந்து முகம் பார்க்கும்வரை மூச்சுக்கருவி ஓடட்டும் என்கிறார்கள். அந்த இரண்டு மூன்று நாட்கள் யாருடைய நன்மைக்காக என்று கேட்டால், அவர்களால் நேர்மையாகப் பதில் சொல்ல முடியாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மூளைச்சாவையும் நினைவு திரும்பா நிலையையும் இங்கே பலர் குழப்பிக்கொள்கிறார்கள். மூளைத்தண்டு செயலிழந்துவிட்டதா என்பதை நான்கு மருத்துவர் கொண்ட குழு குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் இருமுறை சோதித்து உறுதி செய்தால், 1994ஆம் ஆண்டின் உறுப்பு மாற்றுச் சட்டப்படி அவர் இறந்தவர். அவருடைய மார்பு ஏறி இறங்குவது கருவியால்தான். அருணாவின் நிலை அதுவல்ல. அவர் தாமாக மூச்சு விட்டார், கண் விழித்தார், உறங்கினார். மூளைச்சாவு அடைந்தவருக்குக் கருவியை நிறுத்தும்போது யாரையும் சாக விடுவதாக எண்ண வேண்டியதே இல்லை. உறவினரிடம் இதைப் புரியவைக்க ஓர் இரவு முழுவதும் ஆகும், ஆனாலும் அது செய்ய வேண்டிய வேலை.

வலியைப் பற்றி ஒரு வார்த்தை. 'இந்த வேதனையைப் பார்க்க முடியவில்லை, ஏதாவது ஊசி போட்டு முடித்துவிடுங்கள்' என்று என்னிடம் கெஞ்சிய உறவினர்களில் பலர், நோயாளிக்கு மார்ஃபின் ஒழுங்காகக் கிடைத்த பின் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. மருத்துவத்துக்கான அபினியை விளைவிக்கும் நாட்டில், 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் உரிமக் கெடுபிடிகளுக்கு அஞ்சி மருத்துவமனைகள் மார்ஃபினை வாங்கி வைக்காமலே இருந்தன. 2014இல் சட்டம் திருத்தப்பட்டு ஒரே உரிமம் போதும் என்றான பிறகும் அந்த அச்சம் முழுமையாக விலகவில்லை. சரியான அளவில் படிப்படியாகக் கூட்டிக் கொடுக்கப்படும் மார்ஃபின் உயிரைக் குறைப்பதில்லை. கேரளத்தில் 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலிதணிப்பு இயக்கம் வீடு வீடாகச் சென்று இதைச் செய்து காட்டியது. 2008இல் அந்த மாநிலம் இதற்கெனத் தனிக் கொள்கையே வகுத்தது. இங்கும் 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வலிதணிப்புச் சேவை சேர்க்கப்பட்டிருக்கிறது. வலியை நீக்க எதுவும் செய்யாமல் இருந்துவிட்டு, சாவதற்கான உரிமையை மட்டும் பேசுவது எனக்கு ஒப்பவில்லை.

குமரிமுனை

கத்தோலிக்கன் என்ற நிலையிலிருந்து எழுதுகிறேன். எங்கள் திருச்சபை எந்த நிலையிலும் கருவியை நிறுத்தவே கூடாது என்று சொல்வதாகப் பலர் எண்ணுகிறார்கள். அது சரியல்ல. 1957 நவம்பரில் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் மயக்க மருந்து மருத்துவர்களிடம் பேசும்போது, உயிரைக் காக்க இயல்பான வழிகளைக் கையாளும் கடமை உண்டு, தாங்க முடியாத சுமையாகும் அசாதாரண வழிகளைக் கையாளும் கடமை இல்லை என்று தெளிவாகவே கூறினார். 1980இல் வத்திக்கான் வெளியிட்ட அறிவிக்கையும் அதையே விரித்துரைத்தது. ஆகவே மூச்சுக்கருவியை நிறுத்துவதில் எனக்குத் தயக்கமில்லை.

உணவுக் குழாயில்தான் எனக்குத் தயக்கம். நினைவு திரும்பா நிலையில் உள்ளவருக்கும் உணவும் நீரும் தருவது மருத்துவம் அல்ல, அடிப்படைப் பராமரிப்பு என்று இரண்டாம் யோவான் பவுல் 2004இல் கூறினார். மூச்சுக்கருவியை எடுத்தால் நோயால் சாவு வரும். உணவுக் குழாயை எடுத்தால் பசியால் சாவு வரும். பட்டினி போட்டோம் என்ற உணர்வோடு ஒரு குடும்பம் மீதி நாட்களை எப்படிக் கடக்கும்?

வைகைக்கரையான்

குமரிமுனை அண்ணன் எழுப்பியது கடினமான கேள்வி, அதைத் தட்டிக்கழிக்க முடியாது. இங்கிலாந்தில் 1989இல் ஹில்ஸ்பரோ கால்பந்து அரங்க நெரிசலில் சிக்கி நினைவிழந்த அந்தோனி பிளாண்ட் என்ற இளைஞரின் வழக்கில், 1993இல், அன்று அந்நாட்டின் உச்ச மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரபுக்கள் அவை, குழாய் வழி உணவூட்டுவதும் மருத்துவச் சிகிச்சையே, அது பயன் தராதபோது நிறுத்தலாம் என்று கூறியது. அந்த வாதம் எனக்கு ஓரளவு ஏற்புடையது. மூக்கு வழியாகவோ வயிற்றில் துளையிட்டோ செருகிய குழாயில், அளந்த திரவத்தை, நுரையீரலுக்குள் போய்விடாமல் பார்த்துச் செலுத்துவது நாம் இலை போட்டுப் பரிமாறும் உணவல்ல. உடல் மூடிக்கொண்டு வரும் கடைசி நாட்களில் பசி தானாகவே அடங்கிவிடுகிறது என்பதை, பாட்டி தாத்தா சாவை வீட்டில் பார்த்த எவரும் அறிவர். 'தண்ணீர்கூட இறங்கவில்லை' என்று சொல்லும்போது நம் வீட்டார் பட்டினியைச் சொல்லவில்லை, முடிவு நெருங்கியதைச் சொல்கிறார்கள்.

ஆனால் கடைசி நாட்களில் இருப்பவருக்குச் சொன்ன இதை, ஆண்டுக்கணக்கில் நிலையாக இருப்பவருக்கு அப்படியே பொருத்த முடியாது. கே.இ.எம். செவிலியர்கள் அருணாவுக்கு நெடுங்காலம் குழைத்த உணவை வாய்வழியாகவே ஊட்டினார்கள். அவருக்கு மீன் பிடிக்கும் என்று அவர்கள் நீதிமன்றத்திடம் சொன்னார்கள். அப்படிப்பட்டவருக்கு உணவை நிறுத்துவது என்பதை எந்தச் சொல்லால் சொன்னாலும் என் மனம் ஏற்கவில்லை. சாவு தொடங்கிவிட்டதா இல்லையா என்ற அந்தக் கியான் கவுர் கோடு இங்கேதான் உண்மையில் பயன்படுகிறது.

சக்கரநாற்காலி

கழுத்துக்குக் கீழே உணர்வில்லாதவன் நான். இதைக் குரலறி மென்பொருளின் உதவியோடு எழுதுகிறேன். இந்த இழையில் எல்லோரும் கண்ணியம் என்ற சொல்லைத் தயக்கமில்லாமல் பயன்படுத்துகிறீர்கள். மலசலம் எடுக்க ஆள் வேண்டும், புரட்டிப் படுக்க வைக்க ஆள் வேண்டும், ஊட்டிவிட ஆள் வேண்டும் என்று கரிசல்மகள் அடுக்கியவை எல்லாம் என் அன்றாட வாழ்க்கை. அவர் அதைச் சுமையின் கணக்காகச் சொன்னார், தவறாகச் சொல்லவில்லை. ஆனால் அதே பட்டியலைச் சொல்லித்தான் 'இப்படி வாழ்வதைவிட' என்று மக்கள் பெருமூச்சு விடுகிறார்கள்.

அமெரிக்காவின் ஒரிகான் மாநிலத்தில் 1997 முதல், ஆறு மாதத்துக்குள் இறக்கக்கூடிய நோயாளிகள் மருத்துவர் எழுதித் தரும் மருந்தை உட்கொண்டு சாகலாம். அந்த மாநிலம் ஆண்டுதோறும் வெளியிடும் அறிக்கைகளில், மருந்து கேட்டவர்கள் சொல்லும் காரணங்களில் வலி முன்வரிசையில் இருப்பதில்லை. தன்விருப்பப்படி இயங்க முடியவில்லை, பிடித்ததைச் செய்ய முடியவில்லை, கண்ணியம் போய்விட்டது என்பவையே முன்னே நிற்கின்றன. கனடா 2016இல் மருத்துவ உதவியுடன் சாவதை அனுமதித்தபோது சாவு நெருங்கியவர்களுக்கு மட்டும் என்றது. 2021இல் சாவு நெருங்காத, ஆனால் தீராத உடல்நிலை உள்ளவர்களுக்கும் விரித்தது. அங்குள்ள மாற்றுத்திறனாளர் அமைப்புகள் அதை எதிர்த்ததன் காரணம் எனக்கு விளக்காமலே புரிகிறது. வாடகைக்கு ஏற்ற வீடும் உதவியாளும் கிடைக்காதவனிடம், சாவதற்கு மட்டும் வழி இருக்கிறது என்று அரசு சொன்னால், அவன் தேர்ந்தெடுத்தான் என்று எப்படிச் சொல்வது?

தன்னுரிமை பேசும் நண்பர்கள் இதைக் கேட்டுக் கோபிக்க வேண்டாம். எனக்கும் தன்னுரிமை வேண்டும். எனக்குப் புற்றுநோய் வந்து நுரையீரல் நிரம்பிய நாளில் மூச்சுக்கருவி வேண்டாம் என்று நானே சொல்வேன், என் சொல் கேட்கப்பட வேண்டும். அதற்கு முந்தைய நாள்வரை எனக்கு நிமோனியா வந்தால், பக்கத்துப் படுக்கைக்காரருக்குத் தரும் அதே சிகிச்சை எனக்கும் தரப்பட வேண்டும். 'ஏற்கெனவே இப்படி இருக்கிறார், எதற்கு இவ்வளவு' என்று ஒரு மருத்துவர் என் தம்பியிடம் தணிந்த குரலில் கேட்டதை நான் படுக்கையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

கரிசல்மகள்

சக்கரநாற்காலி அண்ணா எழுதியதைப் படித்த பிறகு ஒன்றை அழுத்திச் சொல்லத் தோன்றுகிறது. ஒரிகான்காரர் பலர் சொல்லும் இன்னொரு காரணமும் எங்கள் ஊர்க் கிழவி சொல்லும் காரணமும் ஒன்றே: 'பிறருக்குப் பாரமாக இருக்கக் கூடாது.' அங்கே அது தன்னுரிமை என்று மதிக்கப்படுகிறது, இங்கே அது குற்றம் என்று ஒளிக்கப்படுகிறது. ஊசி போட்டு உயிர் போக்குவதை நெதர்லாந்து 2002 முதல் சட்டமாகவே வைத்திருக்கிறது. நீண்ட நாள் பழகிய குடும்ப மருத்துவர், எல்லோர்க்கும் காப்பீடு, முதியோர் பராமரிப்புக்கு அரசின் பொறுப்பு என்று பலவும் அமைந்த சமூகம் அது. அவை எதுவும் இல்லாத இடத்தில் அந்தச் சட்டத்தை மட்டும் கொண்டுவந்து வைத்தால், தலைக்கூத்தலுக்கு முத்திரை குத்திக் கொடுத்ததாகவே ஆகும். ஆகவே சிகிச்சையை மறுக்கும் உரிமையை ஆதரிக்கும் நான், உயிர்போக்கும் மருந்துக்கான உரிமையை இங்கே, இன்றைய நிலையில் எதிர்க்கிறேன்.

தென்றல்75

அனைவருக்கும் வணக்கம். இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். எனக்கு 70 வயதாகிறது, கணவர் இல்லை, பிள்ளைகள் இருவரும் வெளியூரில். உயிர்முறி எழுதி வைக்க விரும்புகிறேன். அதை எப்படி எழுதுவது, யாரிடம் கொடுத்து வைப்பது என்று யாராவது விளக்கமாகச் சொல்வீர்களா?

சட்டமாணி

அம்மா, நீங்கள் தெளிந்த மனத்தோடு, யாருடைய வற்புறுத்தலும் இன்றி, எழுத்தில் எழுத வேண்டும். இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திடுங்கள். சாட்சிகள் உங்கள் சொத்தில் பங்குள்ளவர்களாக இல்லாமல் இருப்பது நல்லது. பிறகு சான்றுறுதி அலுவலரிடமோ அரசிதழ்ப் பதிவு பெற்ற அலுவலரிடமோ மேலொப்பம் பெறுங்கள். நீங்கள் பேச முடியாத நிலையில் உங்களுக்காகப் பேச வேண்டியவர் யார் என்று பெயர் குறிப்பிட வேண்டும். ஒருவருக்கு மேற்பட்டவரையும் குறிப்பிடலாம். மனம் மாறினால் எப்போது வேண்டுமானாலும் எழுத்து மூலம் திரும்பப் பெறலாம்.

ஒரு படியை உங்கள் மாநகராட்சி, நகராட்சி அல்லது ஊராட்சியில் இதற்கென நியமிக்கப்பட்ட அலுவலரிடம் ஒப்படைக்க வேண்டும் என்கிறது வழிகாட்டல். நடைமுறையில் அந்த அலுவலர் யார் என்று கேட்டுப் போனால் உங்களைப் பல மேசைகளுக்கு அனுப்பலாம். மகாராஷ்டிரத்தில் ஒரு மருத்துவர் மும்பை உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்த பிறகே அத்தகைய அலுவலர்கள் நியமிக்கப்பட்டார்கள். கர்நாடக அரசு 2025 ஜனவரியில்தான் உச்ச நீதிமன்ற வழிகாட்டலை நடைமுறைப்படுத்தும் ஆணையை வெளியிட்டது. ஆகவே அலுவலகத்தை மட்டும் நம்பாமல், பிள்ளைகள் இருவரிடமும், வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரிடமும், வீட்டில் ஆதார் அட்டை வைக்கும் அதே கோப்பிலும் ஒவ்வொரு படி வையுங்கள்.

இரவுப்பணி

தென்றல் அக்கா, சட்டமாணி சொன்னதோடு உள்ளே என்ன எழுத வேண்டும் என்பதையும் சொல்கிறேன். 'தேவையற்ற சிகிச்சை வேண்டாம்' என்று பொதுவாக எழுதினால் நள்ளிரவில் பணியில் இருக்கும் இளம் மருத்துவருக்கு அது எந்த உதவியும் செய்யாது. இதயம் நின்றால் நெஞ்சை அழுத்தி மீட்க வேண்டுமா, மூச்சுக்கருவி வேண்டுமா, சிறுநீரகம் பழுதானால் டயாலிசிஸ் வேண்டுமா, உணவுக் குழாய் வேண்டுமா என்று தனித்தனியாக எழுதுங்கள். எந்த நிலையில் வேண்டாம் என்பதையும் எழுதுங்கள். குணமாகக்கூடிய நிமோனியாவுக்கு ஒரு வாரம் மூச்சுக்கருவி என்பது வேறு, பரவிவிட்ட புற்றுநோயில் அதே கருவி என்பது வேறு. சக்கரநாற்காலி தம்பி சொன்னதும் இதுதான். வலியைத் தணிக்கும் மருந்தையும், உடலைத் துடைத்துச் சுத்தம் செய்வதையும், வாயை நனைப்பதையும் எந்த நிலையிலும் நிறுத்தக் கூடாது என்று கட்டாயம் எழுதுங்கள். கருவி வேண்டாம் என்று சொன்னவரைக் கவனிக்கவே வேண்டாம் என்று எடுத்துக்கொள்ளும் பழக்கம் நம் மருத்துவமனைகளில் இருக்கிறது.

எழுதுவதற்கு முன் பிள்ளைகள் இருவரையும் ஒரே நேரத்தில் உட்காரவைத்துப் பேசிவிடுங்கள். ஊருக்கு வர முடியாவிட்டால் வீடியோ அழைப்பில் பேசினாலும் போதும். 'ஏனம்மா இப்போதே இந்தப் பேச்சு' என்று இருவரும் தடுப்பார்கள். தடுத்தாலும் சொல்லி முடியுங்கள். ஒருவர் அறிந்து இன்னொருவர் அறியாமல் இருந்தால், அந்தக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே உங்கள் தாளையே வைத்துக்கொண்டு இருவரும் சண்டையிடுவார்கள். நான் பார்த்திருக்கிறேன்.